இலவசமாகக் கிடப்பதைக் காசுக்கு வாங்காதீர்கள்

லீவு விட்டால் போதும், வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு விளம்பரம் சுற்றத் தொடங்கிவிடும். "டிஜிட்டல் ஆர்ட் பாடநெறி. மூன்று மாதம். 25,000 ரூபா. சான்றிதழ் வழங்கப்படும்." அப்படியொரு வகுப்புக்குப் போய்வந்த இரண்டு பிள்ளைகளிடம் என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். "யூடியூப் வீடியோ போட்டாங்க, அதைப் பார்த்துக் கீறினோம்" என்றார்கள். சான்றிதழ் மட்டும் பளபளப்பாக இருந்தது.

பெற்றோரே, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டிய காசு அது. அதைக் கொடுத்து நீங்கள் வாங்கியது உங்கள் கையில் இருக்கும் போனில் ஏற்கெனவே இலவசமாகக் கிடந்த பொருள். சித்திரம் படிக்க இன்று பாடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம், பிள்ளைக்குத் தினமும் அரை மணி நேரமும் ஒரு மேசையும் ஒதுக்கிக் கொடுக்கும் பெரியவர்களுக்குத்தான்.

வெறும் வாயால் சொல்லவில்லை. கணக்குப் பாருங்கள்.

அடிப்படைப் பயிற்சிக்கு ட்ராபாக்ஸ் என்றொரு இணையத்தளம் இருக்கிறது. பாடங்கள் எல்லாம் இலவசம். கோடு, நீள்வட்டம், பெட்டி என்று அடியிலிருந்து தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் 250 பெட்டிகளை வெவ்வேறு கோணங்களில் கீறச் சொல்லும். கீறிய கோடுகளை நீட்டிப் பார்த்து எங்கே பிழைத்தது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு: கீறும் நேரத்தில் பாதியைப் பயிற்சிக்குக் கொடு, மறுபாதியில் உனக்குப் பிடித்ததைக் கீறு. எங்கள் டியூசன் வகுப்புகளில் இந்த இரண்டாவது பாதி எங்கே?

மனித உடலின் அமைப்பைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு யூடியூபில் புரோகோ இருக்கிறது. வேகமாகப் பார்த்துக் கீறப் பழக லைன் ஒஃப் அக்ஷன் தளம், 30 செக்கன், ஒரு நிமிடம் என்று நேரம் வைத்துப் படங்களைக் காட்டும். கணினியில் வர்ணம் தீட்ட கிரிட்டா இருக்கிறது. திருட்டு ஃபொட்டோஷொப் ஏற்றி வைரஸ் வாங்கத் தேவையில்லை. கணினி இல்லாத வீட்டில் போனிலேயே ஐபிஸ் பெயின்ட் வேலை செய்யும், விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் சரி.

அனிமேஷனுக்கு பிளெண்டர். அதுவும் இலவசம். "இலவச மென்பொருளில் என்ன பெரிதாகச் செய்யலாம்" என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி: 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருதை வென்ற லத்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டது.

பார்த்துப் பழக நல்ல படங்கள் வேண்டுமா? நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 375,000க்கும் அதிகமான படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020இல் 28 இலட்சம் படங்களைத் திறந்தது. ஒல்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இலிருந்தே ஓவியங்களைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ள விடுகிறது. எசாயஸ் பூர்ஸ் என்ற ஒல்லாந்தர் 1662ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து இங்குள்ள சாதாரண மக்களைப் பார்த்துக் கீறிய சித்திரக் கொப்பி அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 360 வருடங்களுக்கு முந்திய எங்கள் மண்ணின் முகங்களை எங்கள் பிள்ளை போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எந்தச் சான்றிதழ் வகுப்பில் இதைக் காட்டினார்கள்?

இனி, வழமையாக வரும் பதில்களைப் பார்ப்போம்.

"எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?" உண்மை. இது மட்டும்தான் நியாயமான முறைப்பாடு. யூடியூபின் தானியங்கித் தமிழ் எழுத்துகளை நம்ப முடியாது. ஆனால் அந்த இடைவெளியை நிரப்பச் சம்பளம் வாங்குபவர்கள் நாங்கள், ஆசிரியர்கள். பத்து நிமிட வீடியோவைப் பார்த்து, அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க ஒரு சித்திர ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அதைச் செய்யாமல் சித்திரப் பாடவேளையைக் கணித பாடத்துக்குத் தாரைவார்த்துவிட்டு, "பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று ஆசிரியர் ஓய்வறையில் பேசுவது அநியாயம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. அதையாவது திறந்து காட்டியவர்கள் எத்தனை பேர்?

"டேட்டாவுக்குக் காசு?" டிக்டொக்குக்குப் போகிற டேட்டாவில் ஒரு துளி போதும். படங்களை ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு இணையமே தேவையில்லை. பென்சிலும் பழைய கொப்பியின் பின்பக்கமும் சார்ஜ் கேட்பதில்லை. பாடசாலைக் கணினி அறைகளின் பூட்டைத் திறந்தால் இன்னும் நல்லது.

"சித்திரம் மார்க்கத்தில் கூடாதே?" உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் மரம், கட்டடம், அரபு எழுத்தணி, கேத்திரகணித அலங்காரம் என்று பரந்து கிடக்கும் துறையை அந்த ஒரு கேள்வியைக் காட்டி மொத்தமாக மூடாதீர்கள். இஸ்லாமியக் கலையின் கேத்திரகணித அலங்காரங்களை வட்டத்திலிருந்து எப்படிக் கட்டி எழுப்புவது என்று படிப்படியாகக் காட்டும் ஒரு செயற்பாட்டு நூலை 2004இல் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமே வெளியிட்டது. இணையத்தில் இலவசம். தேவை ஒரு கவராயமும் ஓர் அடிமட்டமும். கணித ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் அது. எங்கள் முன்னோர் பள்ளிவாசல் சுவர்களில் செய்ததை எங்கள் பிள்ளைக்கு நியூயோர்க்காரன் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

"இனி ஏஐ கீறித் தரும், பிள்ளை ஏன் கீற வேண்டும்?" கல்குலேட்டர் வந்த பிறகும் நாங்கள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறோம். கீறிப் பழகாத கண்ணுக்கு, இயந்திரம் தந்த படத்தில் எது பிழை என்றே தெரியாது.

"சான்றிதழ் இருந்தால் தொழில் கிடைக்குமே?" படம் கேட்டு வருகிற வாடிக்கையாளர் நீங்கள் கீறியதைக் காட்டச் சொல்வார், சான்றிதழைக் கேட்கமாட்டார். பல்கலைக்கழகத்தில் சித்திரத்தைப் படிக்கப் போனாலும் செய்முறையில் கையைத்தான் சோதிப்பார்கள்.

ஒரு கண்டனம் என் போன்ற பதிவர்களுக்கும். "ஓவியர்களுக்கான 100 இலவசத் தளங்கள்" என்று பட்டியல் போடுவதும், ஆயிரம் பேர் அதைச் சேமித்து வைப்பதும், ஒருவரும் திறக்காமல் விடுவதும் வாடிக்கையாகிவிட்டது. நூறு வேண்டாம். ஒரு பாடத் தளம், ஒரு மென்பொருள், ஓர் அருங்காட்சியகம். இந்த மூன்றும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குப் போதும்.

அடுத்த லீவுக்கு அந்த விளம்பரம் மறுபடி வரும். வந்ததும் பணம் கட்ட ஓடாதீர்கள். ஒரு கட்டு ஏ4 தாளும் இரண்டு பென்சிலும் வாங்குங்கள். மஃரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிள்ளை கீறியதைப் பார்த்து "இது என்ன மகன்?" என்று கேளுங்கள். "படம் கீறி என்ன சாப்பிடப் போறாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவரில் மாட்ட வேண்டியது அந்தக் கடைசித் தாளைத்தான்.