ஆஸ்பத்திரிக்கும் ஒத்திகை வேண்டும்!

நாடகம் போடுகிறவர்கள், மேடை ஏறும் முன் ஒத்திகை பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில்கூட, பந்தி பரிமாறுவது யார், வரவேற்பது யார் என்று முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். உயிரைக் காக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை வேண்டாமா?

வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கட்டாயம் வேண்டும்.

2013-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டப் பந்தயம் நடந்தது. பிற்பகலில், பந்தயம் முடியும் இடத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் அங்கேயே இறந்தார்கள். 260 பேருக்கு மேல் காயம் அடைந்தார்கள். பலருக்குக் கால் போயிற்று.

ஆனால், ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை!

எப்படி? பந்தயத்துக்காக டாக்டர்கள் அங்கேயே கூடாரம் போட்டு இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்தில் இருந்தன. இன்னொரு காரணமும் உண்டு. "திடீர் என்று ஏராளமான பேர் அடிபட்டு வந்தால் என்ன செய்வது?" என்று அந்த ஆஸ்பத்திரிகள் முன்பே ஒத்திகை நடத்தி இருந்தன.

ஒத்திகை எப்படி நடக்கிறது?

எந்தக் குறையைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அதற்கு ஏற்ற கதை எழுத வேண்டும். "பஸ் கவிழ்ந்தது. 10 நிமிடத்தில் 12 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு மூச்சுத் திணறல். ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை."

நோயாளியாக ஆட்கள் நடிப்பார்கள். அல்லது பொம்மையைப் படுக்க வைப்பார்கள். 1960-ல், நார்வே நாட்டில் பொம்மை தயாரித்து வந்த லேர்டால் என்பவர், வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிப் பழக ஒரு பொம்மை செய்தார். இன்று நாடி துடிக்கும் பொம்மையே இருக்கிறது.

ரத்தம் வந்து சேர எத்தனை நிமிடம்? மருந்து பீரோவின் சாவி யாரிடம்? லிப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? இரவு 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது? எல்லாம் ஒத்திகையில் தெரிந்துவிடும்.

முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். குறையைச் சொல்லலாம், ஆளைக் குறை சொல்லக் கூடாது. பெரிய டாக்டர் மட்டும் பேசினால் போதாது. ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியரும் பேச வேண்டும். எந்தக் கதவு திறக்காது என்பது அவருக்குத்தான் தெரியும்!

"நோயாளிகளைப் பார்க்கவே நேரம் இல்லை. இதில் நாடகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாள் முழுவதும் நடத்த வேண்டியது இல்லை. வேலையில் இருப்பவர்களைக் கொண்டே, அதே அறையில், கால் மணி நேரம் நடத்தலாம். உண்மையான நோயாளி வந்தால் உடனே நிறுத்திவிடலாம்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அரசு ஆஸ்பத்திரிகளில், ஆபத்தின் அளவைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையும் வந்து இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் வண்டி விரைந்து வந்தால் மட்டும் போதாது. வாசலில் இருக்கும் கைகளும் பழகி இருக்க வேண்டும்.

ஒத்திகையில் தவறு நடந்தால், பொம்மையை மறுபடியும் படுக்க வைத்துத் திருத்திக் கொள்ளலாம்.

மனிதன் போனால், திரும்ப வருவானா?