சிறையில் சிக்கன் குழம்பு... நம் வரிப்பணத்தில் தேவையா?

2018 செப்டம்பரில் புழல் சிறைக்குள் எடுத்ததாகச் சொல்லி சில படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? மெத்தை, டி.வி., ஜன்னலுக்குத் திரைச்சீலை, கலர் கலராக உடை. ஏதோ லாட்ஜில் ரூம் போட்டவர்கள் மாதிரி கைதிகள் போஸ் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு அதிரடி சோதனைகள் நடந்தன. டி.வி. பெட்டிகள் வெளியே வந்தன. சிலர் வேறு சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

அன்று ஊர் முழுக்க ஒரே கேள்விதான். "நாம வேகாத வெயில்ல உழைச்சு வரி கட்டுறோம். இவங்களுக்கு உள்ள ராஜ வாழ்க்கையா?"

இப்போதும் சிறையில் சிக்கன் போடுகிறார்கள், நூலகம் திறக்கிறார்கள், போனில் பேச விடுகிறார்கள் என்று எந்தச் செய்தி வந்தாலும் அதே கோபம் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கோபம் நியாயமானதா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

'கைதி' என்றதும் நம் மனக்கண்ணில் வருவது சினிமா வில்லன்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. நாளைக்கே நிரபராதி என்று வெளியே வரக்கூடியவர்களும் இதில் இருக்கிறார்கள்.

இடம் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 100 பேருக்கான இடத்தில் சராசரியாக 131 பேர். இரவில் புரண்டு படுக்க இடமில்லாத, ஒரு கழிப்பறைக்கு வரிசைகட்டி நிற்கிற கூட்டம் இது. புழல் படத்தில் பார்த்த மெத்தை இவர்களுடையது இல்லை.

கோவை வழக்கு சொன்னது என்ன?

'எது தேவை, எது சொகுசு' என்ற கேள்வி நம் ஊரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தசைச் சிதைவு நோயுள்ள மாற்றுத்திறனாளி வழக்கறிஞர் ஒருவர் 2020-ல் கைதாகி, சில நாள்கள் கோவை மத்தியச் சிறையில் இருந்தார். தன் உடல்நிலைக்குத் தேவையான புரத உணவு போதுமான அளவு தரப்படவில்லை, மாற்றுத்திறனாளிக்கு வேண்டிய வசதிகளும் இல்லை என்பது அவர் புகார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அது போதாது என்று அவர் மேலே போனார்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் இரண்டு பக்கமும் உண்டு. விருப்பப்பட்ட உணவோ, விலை உயர்ந்த உணவோ கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அடிப்படை உரிமை பறிபோனதாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். கூடுதல் இழப்பீடும் தரவில்லை. அதே சமயம், உடல்நலமோ கண்ணியமோ கெடும் அளவுக்கு ஒன்றை மறுத்தால் அது உரிமை மீறல்தான் என்றும் சொன்னது. மாற்றுத்திறனாளிக் கைதிகளை உள்ளே வரும்போதே அடையாளம் காண வேண்டும், சாய்தளம் வேண்டும், அவர்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை வேண்டும், பிசியோதெரபி போன்ற சிகிச்சைக்கு வசதி வேண்டும் என்று தமிழக அரசுக்கு உத்தரவுகளும் போட்டது.

கேட்டதைச் சாப்பிடுவது உரிமை இல்லை. விழாமல் கழிப்பறைக்குப் போய் வருவது உரிமை. கோடு எங்கே என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஒரு ஸ்ட்ராவின் விலை

அந்தக் கோட்டை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டேன் சுவாமியின் கதை சாட்சி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானபோது வயது 83. பார்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு ஸ்ட்ராவும், உறிஞ்சிக் குடிக்கும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. நாடு முழுக்க விமர்சனம் எழுந்தது. பலர் சிறைக்கே சிப்பரை பார்சல் அனுப்பினார்கள். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீனுக்காகக் காத்திருந்த நிலையிலேயே அவர் மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

வழக்கில் அவர் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். ஒரு முதியவர் தண்ணீர் குடிக்க சிப்பர் கொடுப்பதை 'சலுகை' என்று எந்த ஊர்ப் பாட்டி ஒத்துக்கொள்வார்?

"எங்க வீட்டுலயே ஒழுகுது..."

இனி எதிர்த்தரப்புக்கு வருவோம். "தப்பே செய்யாத நான் ஒழுகுற கூரைக்குக் கீழ படுக்கிறேன். தப்பு செஞ்சவனுக்கு கான்கிரீட் கட்டடமா?" இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. கேட்பவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வெளியே இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாம். பக்கத்து வீட்டில் ஒரு மாத்திரை கேட்கலாம். வேலை தேடி வேறு ஊருக்குப் போகலாம். உள்ளே இருப்பவருக்கு இது எதுவும் கிடையாது. பூட்டு போட்டது அரசு. சாவி இருப்பதும் அரசிடம். அப்போது மாத்திரையும் அரசுதானே கொடுக்க வேண்டும்? இந்தப் பொறுப்பை ஐ.நா.வின் 'நெல்சன் மண்டேலா விதிகள்' 2015-லேயே எழுதி வைத்திருக்கின்றன. சுதந்திரத்தைப் பறிப்பதே தண்டனை. அதற்கு மேல் சிறை நிர்வாகம் வேதனையைக் கூட்டக் கூடாது என்பதுதான் அவற்றின் அடிநாதம்.

பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வலியும் உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, கொன்றவன் மூன்று வேளை சாப்பிடுகிறான் என்பதே நெஞ்சில் குத்தும். ஆனால் அவன் கழிப்பறையில் தண்ணீர் வராததால் அந்தத் தாய்க்கு ஒரு ரூபாயாவது கிடைக்குமா? அவருக்குச் சேர வேண்டியது விரைவான விசாரணை, சரியான தீரப்பு, உரிய இழப்பீடு. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பினால் அவருக்குப் பிரயோஜனம்.

இன்னொன்று. தண்டனைக் கைதிகள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. புழல், கோவை போன்ற ஊர்களில் சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் பெட்ரோல் போடுவதே அவர்கள்தான். உழைக்கும் கைதிக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் சாப்பாடு, துணிச் செலவைப் பிடித்துக்கொள்ளலாம், பாதிக்கப்பட்டோருக்கும் ஒரு பங்கை ஒதுக்கலாம் என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் வழிகாட்டிவிட்டது.

கோபப்பட வேண்டிய இடம்

அப்படியானால் கோபமே வேண்டாமா? வேண்டும். இடம் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில் பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறைக்குள் கன்னட நடிகர் தர்ஷன் கையில் கப்பும் சிகரெட்டுமாக உட்கார்ந்திருந்த படம் வெளியானது. அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். நடிகர் பெல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். இப்படி சிலருக்கு மட்டும் கிடைக்கிற வசதி பட்ஜெட்டில் இருப்பதில்லை. செல்வாக்குக்கும் பணத்துக்கும் சிறை விதி வளைகிறது. வரிப்பணம் இங்கேயும் வீணாகிறது, எப்படித் தெரியுமா? விதியைக் காக்கச் சம்பளம் வாங்குபவரே அதை விற்கும்போது.

சட்டப்படியே ஒரு வேறுபாடும் இருக்கிறது. நம் சிறை விதிகளில் 'ஏ கிளாஸ்' என்று ஒன்று உண்டு. படிப்பு, சமூக அந்தஸ்து, பழகிய வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பது. கட்டில் முதல் சாப்பாடு வரை வித்தியாசம். பணக்காரருக்குத் தரையில் படுத்தால் முதுகு வலிக்கும், கூலித் தொழிலாளிக்கு வலிக்காதா? சிறைக்குள் சாதி பார்த்து வேலையும் இடமும் ஒதுக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தஸ்து பார்த்து மெத்தை கொடுப்பதையும் கேள்வி கேட்கும் நேரம் வந்துவிட்டது.

மூன்று கேள்விகள் போதும்

சிறைக்குள் ஒரு வசதிக்குப் பொதுப்பணம் தரலாமா என்று முடிவு செய்ய என்னிடம் ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது.

1. இது இல்லாவிட்டால் உடம்போ மனமோ கெடுமா?
2. இது எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்குமா?
3. வெளியே வந்த பிறகு ஒழுங்காக வாழ உதவுமா?

முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் பேச்சுக்கே இடமில்லை. கழிப்பறை, மருத்துவர், பெண் கைதிகளுக்கு நாப்கின், வயதானவருக்குக் கட்டில் எல்லாம் இதில் வரும். மற்றவற்றுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 'ஆம்' ஆக வேண்டும். நூலகம், தொழிற்பயிற்சி, பிள்ளைகளோடு போனில் பேசுவது பாஸ். தனி அறையில் தனி டி.வி., வெளியிலிருந்து வரும் பிரியாணி ஃபெயில். எல்லோர் தட்டிலும் ஒரே அளவில் விழுகிற சிக்கன்? உடம்புக்குப் புரதம் வேண்டும், பந்தியில் பாகுபாடும் இல்லை. எனவே அதுவும் பாஸ்தான்.

உண்மையான சிக்கனம் எங்கே?

கடைசியாக, வரிப்பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி. தட்டில் கை வைக்காதீர்கள், கூட்டத்தைக் குறையுங்கள்.

ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல் உள்ளேயே கிடக்கும் ஏழைகள் இருக்கிறார்கள். இவர்களுக்காக 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. விசாரணைக் கைதிக்கு ஜாமீனுக்காக 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் உதவி கிடைக்கும் என்று அந்த ஆண்டில் விதி வகுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவும் கைகொடுக்கிறது. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனில் விடலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால், நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகச் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம். அவர் ஒரு மாதம் முன்னதாக வெளியே வந்தால், அவர் குடும்பத்துக்குச் சம்பாதிக்கும் ஒரு கை திரும்பக் கிடைக்கும். சிறையில் அந்த மாதத்துச் சாப்பாட்டுச் செலவும் நமக்கு மிச்சம்.