செவ்வாய்க் கிரகத்துக் காற்றுத் தொழிற்சாலை

"ஏண்டா, எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கிறவன் படிக்கிற புத்தகமா இது?" என்று என் ஆய்வுக்கூட நண்பன் கேட்டான். கேட்டதோடு விட்டானா? விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்க்க அட்டையைத் தூக்கிக் காட்டினான். அட்டையில் நான்கு கைகளுடன் ஒரு பச்சை ராட்சசன்; அவன் எதிரே வாளேந்திய ஒரு வீரன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். அப்படிச் சிரித்தது தவறு என்பது இப்போது என் அபிப்பிராயம். அதைச் சங்கத்து அன்பர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'ஏ பிரின்ஸஸ் ஆஃப் மார்ஸ்'. எழுதியவர் டார்ஸானைப் படைத்த எட்கார் ரைஸ் பரோஸ். 1912-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்து, 1917-ல் புத்தகமாயிற்று. டில்லி மகிளா ஹாட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய புத்தகச் சந்தையில் எனக்குக் கிடைத்தது. ஜான் கார்ட்டர் என்ற படைத்தலைவன் அரிசோனாவில் ஒரு குகைக்குள் நுழைந்து மயங்குகிறான். உடலை அங்கேயே விட்டுவிட்டு, வானத்துச் செவ்வாயை நோக்கிக் கை நீட்டுகிறான். மறுகணம் அங்கே போய்ச் சேருகிறான். ராக்கெட்டும் இல்லை, எரிபொருளும் இல்லை. பிறகு பச்சை மனிதர்களிடம் சிறைப்படுவதும், தேஜா தோரிஸ் என்னும் செந்நிற இளவரசியைக் காதலிப்பதும், இருபத்தெட்டு அத்தியாயங்களுக்கு வாள் வீசுவதும்தான் கதை.

விஞ்ஞானம் எப்படி என்று கேட்பீர்கள். படுமோசம்! கார்ட்டர் ஒரே தாவலில் முப்பது அடி உயரம் எழும்புகிறான். செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 0.38 பங்கு. பூமியில் அரை மீட்டர் எழும்பக்கூடியவன், கால் உந்தும்போது மிஞ்சும் விசையையும் சேர்த்துக் கணக்கிட்டால், அங்கே சுமார் இரண்டு மீட்டர் எழும்பலாம். அதாவது ஆறரை அடி. மிச்சம் இருபத்து மூன்றரை அடியும் பரோஸ் அவர்களின் பேனாவுக்குச் சொந்தம். ஆனால் கால்வாய்களுக்காகவும் பாழடைந்த கடல்களுக்காகவும் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1877-ல் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். லோவெல் என்ற வான நூலார் அவை வறண்டுபோன ஓர் உலகத்து மக்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே வாதாடினார். தொலைநோக்கி வைத்திருந்தவரே அப்படிச் சொன்னபோது கதாசிரியர் என்ன செய்வார்? 1965 ஜூலையில் மாரினர் 4 அருகே சென்று படம் எடுத்த பிறகல்லவா அங்கே கால்வாயும் இல்லை, கடலும் இல்லை, வெறும் பள்ளங்களே என்று தெரிந்தது!

எனக்கு அதைவிடப் பெரிய புளுகாகப் பட்டது வேறொன்று. கார்ட்டர் ஒரே வாரத்தில் செவ்வாய் மொழியைப் பேசத் தொடங்கிவிடுகிறான்! நான் கோவில்பட்டியிலிருந்து டில்லிக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இன்னமும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் தோற்றுப்போகிறேன். ஆனால் புது உலகில் அவன் வைக்கும் முதல் அடிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கப் பார்த்தால் துள்ளுகிறான். நிற்கப் பார்த்தால் விழுகிறான். தன் கால்களின் பலமே அவனுக்கு இடைஞ்சலாகிவிடுகிறது. பழைய டில்லி ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டிகளுடன் இறங்கிய அன்று என் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இவையெல்லாம் கிடக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தொழிற்சாலை. கிழண்டுபோன அந்தக் கிரகத்தில் காற்று தானாக நிற்பதில்லை. ஒரே ஒரு மாபெரும் கட்டடத்தில் அதை உண்டாக்கிப் பம்புகளால் நாடெங்கும் அனுப்புகிறார்கள். காவலுக்கு இரண்டே பேர். முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவராகத் தனிமையில் இருக்கிறார்கள். கதவுகள் ஒன்பது எண்ண அலைகளுக்கு மட்டுமே திறக்கும். அந்த இரகசியம் காவலர் இருவருக்குத்தான் தெரியும். பச்சையரும் செந்நிறத்தவரும் ஓயாமல் வெட்டிக்கொள்கிறார்கள், நகரங்களைச் சூறையாடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. பகைவனும் அதே காற்றைத்தானே சுவாசிக்க வேண்டும்!

நான் இந்தப் பகுதியைப் படித்தது 2024 நவம்பரில். டில்லிக் காற்று மிகக் கெட்ட நிலையை எட்டி, வகுப்புகள் இணையவழிக்கு மாறியிருந்த வாரம். ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாளைச் செருகிவிட்டு, அறைக்குள் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா போனில், "வெளியே போகாதே கண்ணு" என்றாள். உள்ளே மட்டும் வேறு காற்றா இருக்கிறது என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்த வாரம் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் என்னைவிடப் புத்திசாலிகளாகத் தோன்றினார்கள். காற்று ஒருவர் காவலிருந்து காக்க வேண்டிய பொருள் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கதையின் முடிவில் காவலர்கள் இருவரும் மாண்டுபோகப் பம்புகள் நின்றுவிடுகின்றன. ஊரே மூச்சுத் திணறுகிறது. கிழக் காவலன் ஒருவனின் மனத்தை எப்போதோ படித்திருந்ததால் கார்ட்டருக்கு ஒன்பது அலைகளும் தெரியும். கதவுகளைத் திறக்கிறான்; விழுகிறான். கண் விழித்தால் மீண்டும் அரிசோனாக் குகை! மனைவியும், பொரியக் காத்திருக்கும் முட்டையும் (ஆம் அன்பர்களே, அங்கே முட்டைதான்) பிழைத்தார்களா என்று அவனுக்குத் தெரியாது.

என் சண்டை இங்கேதான். கதவைத் திறந்தது கார்ட்டர், சரி. பம்பை ஓட்டியது யார்? சாகும் தறுவாயில் கையாலும் முழங்காலாலும் தவழ்ந்து இயந்திரத்தை நோக்கிப் போகிறானே ஒரு செந்நிற மனிதன், அவன் பெயர் என்ன? பரோஸ் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை. இந்த ஆசிரியருக்கு உலகத்தைக் காப்பாற்ற வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்தாக வேண்டும். அவனும் எப்படிப்பட்டவன்? அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்பகுதிப் படையின் தலைவன். கதையின் தொடக்கத்தில் வரும் அப்பாச்சே மக்கள் வெறும் கொடியவர்களாகவே வந்து மறைகிறார்கள். தாவலின் உயரத்தைப் பற்றி என் நண்பன் செய்த கேலியை நான் பொருட்படுத்தவில்லை. அவன் இதைச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. இளவரசியும் பாவம், அரிய அறிவோடு அறிமுகமாகி, பிறகு சிறை மீட்கப்படுவதற்கென்றே காத்திருக்கிறாள்.

இருந்தும் படிக்கலாம் என்றே சொல்வேன். கார்ல் சேகன் சிறு வயதில் இக்கதைகளைப் படித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று செவ்வாயை நோக்கிக் கை நீட்டிப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கிரகம் அவரை அழைத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1976-ல் அங்கே இறங்கிய வைகிங் கலங்களின் ஆராய்ச்சியில் அவரும் பங்கு கொண்டார். காற்றுத் தொழிற்சாலைகூட முழுப் புளுகாக நிற்கவில்லை. பெர்செவரன்ஸ் ஊர்தியில் சென்ற மாக்ஸி என்ற சிறு கருவி, 2021 முதல் 2023 வரை செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து மொத்தம் 122 கிராம் பிராணவாயுவைப் பிரித்தெடுத்தது. ஒரு சிறிய நாய் பத்து மணி நேரம் சுவாசிக்க அது போதுமாம். கார்ட்டரின் வளர்ப்புப் பிராணி வூலாவுக்குப் பத்துக் கால், மட்டக்குதிரையளவு உடம்பு. அதற்கு ஒரு வேளைக்கும் காணாது.

புத்தகம் என் அறையில் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் சிரித்தவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே ரகசியமாகக் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது என் ஆய்வுக்கூட நண்பனேதான். வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாவல் கணக்கை ஓரத்தில் பென்சிலால் போட்டிருக்கிறேன், அதை அழித்தாலும் பாதகமில்லை. இருபத்தேழாம் அத்தியாயத்தில், அந்தத் தவழ்ந்து போன மனிதனுக்கு நானே ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதை மட்டும் அழிக்க வேண்டாம்.