பழைய சுவரைப் புதுசாக்கலாமா?



ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? திருச்சிக்காரர்களுக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் போதும். அடுத்த முறை போகும்போது, 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ரெங்கா ரெங்கா கோபுரம் தாண்டி உள்ளே போய், வேணுகோபாலன் சன்னதியின் வெளிச்சுவரைப் பாருங்கள். வீணை மீட்டும் பெண், கிளியோடு நிற்கும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண்... அத்தனையும் கல்லில்!

நான் ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களை ஒரு பழைய மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டு, காம்பஸ் முனையால் தூணில் தன் பெயரைக் கீறிக் கொண்டிருந்தான். கையைப் பிடித்தேன். 'எல்லாரும்தான் எழுதியிருக்காங்க சார்...' என்றான். நிமிர்ந்து பார்த்தால், ஆமாம், தூண் முழுக்கப் பெயர்கள்!

அவனைக் கண்டித்தேன். ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். காம்பஸ் கெடுப்பது கொஞ்சம் இடத்தைத்தான். திருப்பணி என்ற பெயரில் பெரியவர்கள் அவசரப்பட்டால், ஒரு சுவரே போய்விடும்.

எப்படி என்கிறீர்களா? இயந்திரத்தால் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் சுத்தம் செய்யும் வழக்கம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் பெயின்ட்டும் போகும்; கூடவே கல்லின் மேல்தோலும் போகும். சிலையின் மூக்கு மழுங்கும். கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. அழிந்தால், திரும்ப எழுதித் தர யார் இருக்கிறார்கள்? நல்லவேளை, தமிழகக் கோயில்களில் மணல் அடிக்கத் தடை வந்துவிட்டது.

சிமென்ட் பூசுவதும் தப்புதான். பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பு, மணலோடு கடுக்காய், வெல்லம் ஊறிய நீரும் சேர்த்து அரைத்த சாந்தில் கட்டினார்கள். அது ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் விடாது. உள்ளே தங்கிய ஈரத்தில் உப்புப் பூத்து, கல்லும் செங்கல்லும் பொரிந்து உதிரும்.

ஸ்ரீரங்கத்தில் 2015 நவம்பரில் கும்பாபிஷேகம் நடந்தது அல்லவா? அதற்கு முந்தைய திருப்பணியில், இடையில் ஒட்ட வைத்த புதுக் கட்டுமானங்களை அகற்றினார்கள். மழைநீர் ஓடும் பழைய வழிகளைச் சரிசெய்தார்கள். நீர் தேங்காவிட்டால் சுவரின் ஆயுள் கூடும். இந்தப் பணிக்கு 2017ல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் விருது கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதானே!

எகிப்திலும் இப்படி ஒரு கதை உண்டு. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன், ஹட்ஷெப்சுட் என்ற அரசி கர்னாக் கோயிலில் சிவப்புக் கல்லால் ஒரு சன்னதி கட்டினார். பின்னால் வந்தவர்கள் அதைப் பிரித்து, கற்களை வேறொரு வாயில் கோபுரத்துக்குள் அடைத்துவிட்டார்கள்! 20ம் நூற்றாண்டில் 300க்கும் மேற்பட்ட கற்கள் கிடைத்தன. ஒவ்வொரு கல்லிலும் தனித்தனிப் படம். எந்தக் கல் எதற்குப் பக்கத்தில் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அடுக்கி முடித்தபோது, கிடைக்காத கற்களின் இடத்தில் புதுப்படம் எதுவும் செதுக்காமல் வெறுமையாகவே விட்டார்கள். எது பழசு, எது புதுசு என்று பார்த்தவுடன் தெரியும்.

எனக்குப் பிடித்தது அதுதான். நம் ஊரில் கை உடைந்த சிற்பத்துக்கு சிமென்ட்டில் கை ஒட்டி, பளபளவென்று பெயின்ட்டும் அடித்து விடுகிறார்களே! உடைந்தது உடைந்ததாகவே இருக்கட்டுமே!

உங்கள் தெருக் கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறார்களா? அப்பாவின் செல்போனை வாங்கி, நான்கு சுவர்களையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். எழுத்துகள் உள்ள இடத்தில் பெயின்ட் டப்பாவைத் திறந்தால், 'தாத்தா, இங்கே கல்வெட்டு இருக்கு' என்று சொல்லுங்கள். நான் சொன்னால் காதில் வாங்காத பெரியவர்கள்கூட, குழந்தைகள் சொன்னால் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள்.