கூச்சலும் ஒழுக்கமும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நமது வாலிபர் சிலர் ‘ஹார்ட்கோர் பங்க்’ என்னும் மேனாட்டுச் சங்கீதத்தைக் கேட்கிறார்கள் என்று பெரியவர்கள் பலர் விசனப்படுகிறார்கள். “இது பாட்டா, கூச்சலா? இதைக் கேட்கிறவன் உருப்படுவானா?” என்பது அவர்களுடைய ஆட்சேபணை. இவ்வாட்சேபணையின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

வாஷிங்டன் நகரத்தில் 1980-ம் வருஷம் தோன்றிய ‘மைனர் திரெட்’ என்னும் குழுவார், 1983-ல் ‘அவுட் ஆப் ஸ்டெப்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். அது கூச்சல் என்பது மெய்தான். முரசு குதிரைப் பாய்ச்சலில் ஓடுகிறது. கித்தார் மரமறுக்கும் வாள்போல் இரைகிறது. ஈயன் மெக்கை என்பவர் தொண்டை கிழியக் கத்துகிறார். ஆலாபனையுமில்லை, அலங்காரமுமில்லை, தட்டு முழுதும் அரைமணிக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால், அவர் கத்துவது என்ன? குடியும் புகையும் தமக்கு வேண்டா என்பதையேயாம். அது பிறர்க்கு இடும் சட்டமன்று என்பதையும் அத்தட்டிலேயே தெளிவாக்கிவிடுகிறார்.

அதற்கு முன்பே, 1981-ல், இக்குழுவாரின் 46 விநாடிப் பாட்டாகிய ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ ஒரு மதுவிலக்கு இயக்கத்துக்கே பெயராயிற்று. மதுச்சாலைக் கச்சேரிகளில், வயது வராத பிள்ளைகளுக்கு மது கொடாதிருக்கும் பொருட்டுக் கையில் பெருக்கல் குறி இடுவதுண்டு. அத்தடைக்குறியையே அவ்வாலிபர்கள் பெருமைச் சின்னமாக்கிக் கொண்டார்கள். இச்சங்கீதம் கேட்பவரெல்லாம் குடியாதவர் என்று நாம் சொல்லவரவில்லை. குடியை எதிர்க்கும் சங்கீதமும் இதற்குள் உண்டு என்பதே நமது வாதம்.

நிற்க, நமது இன்னிசையின் சங்கதி என்ன? கதாநாயகன் புட்டியும் கையுமாய் ஆடும் சினிமாப் பாட்டைக் கலியாண மண்டபத்தில் போட்டுவிட்டு, பின்புறத்தில் பீர்ப்பெட்டியை உடைக்கிறோம். இதற்காக எந்தப் பெரியவரும் விசனப்படக் காணோம்!

சம்பளத்துக்கு மறுநாள் பிரட்டுக்கு வராதவர் பெயரை ஏட்டில் குறிப்பது நமது உத்தியோகம். அவர்களில் ஒருவரையேனும் பங்க் சங்கீதம் படுக்கையில் தள்ளியதில்லை, சம்சு தள்ளியிருக்கிறது.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டார்கள். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அவ்வருஷம் மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி, பின்னர் நாடுகடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் குண்டடிபட்டு மாண்டார்கள். அவர்கள் எழுப்பிய குரலும் காதுக்கினிய ராகமன்று. இனிய ராகத்தில் கேட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

ஆகவே, ஓசையைக்கொண்டு ஒழுக்கத்தை அளப்பது அறிவீனம். பெரியோர்களே! பிள்ளையின் காதிலுள்ளதைப் பிடுங்குமுன், உங்கள் கையிலுள்ள குவளையைக் கீழே வையுங்கள்.