கோணல் மலை

திருவண்ணாமலையில் பிறந்த குழந்தைக்குச் சித்திரம் போடச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சுவரில் கரித்துண்டால் ஒரு முக்கோணம் போடும். அதன் உச்சியில் ஒரு புள்ளி வைக்கும். முக்கோணம் மலை, புள்ளி கார்த்திகைத் தீபம். அவ்வளவுதான்! விகட சித்திரக் கலையின் பாதி ரகசியம் இதில் அடங்கிவிட்டது. வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டு, இன்னதென்று தெரிவதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் போடுவதே அந்த ரகசியம். அந்த முக்கோணத்தைப் போட்டவர் யார் என்று கோட்டைப் பார்த்தே சொல்லும்படி இருக்கவேண்டும் என்பது மற்றொரு பாதி. அதுதான் கடினம்.

எங்கள் வீதியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய தாத்தா பழைய வாரப் பத்திரிகைகளைப் பைண்டு செய்து வைத்திருக்கிறார். அவற்றிலுள்ள ஹாஸ்யப் படங்களைப் பார்த்து அச்சுப் போல் போட்டுவிடுவான். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "அடடா!" என்பார்கள். ஒருநாள் நான், "அம்மணி அம்மன் கோபுரத்தடியில் பூக் கட்டுகிறாளே, அந்த அம்மாளைப் போட்டுக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றேன்.

போட்டுக் கொண்டு வந்தான். படத்தில் இருந்தவளோ, மடிசார் கட்டிய பழைய தஞ்சாவூர் மாமி! நம் பூக்காரி அல்ல. அது அவனுக்கே தெரிந்திருந்தது. "ஸார், எனக்கென்று ஒரு கோடு வரவே வராதா?" என்று கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அவன் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அப்போது ஒரு நோட்டில் நம் மலையை இடப்பக்கம் சாய்த்துப் போட்டிருந்தான். நான் சிவப்பு மையால், "மலை கோணல், திருத்தி வரைக" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவன் பைண்டு புத்தகத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்தானாம்.

இந்த இடத்தில் ஒரு நல்ல உபாத்தியாயரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1930-களில் ஆனந்த விகடனில் 'மாலி' என்ற பெயரில் படம் போட்டவர் டி. ஆர். மகாலிங்கம். சங்கீத வித்வான்கள் பாடும்போது காட்டும் சேஷ்டைகளைச் சில கோடுகளில் பிடித்துவிடுவார். அவரிடம் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். நாமக்கல்லைச் சேர்ந்த ஸ்ரீநிவாஸனுடைய கை, கல்லிலும் தூணிலும் கோபுரத்திலும் தனி உற்சாகத்துடன் ஓடுவதை மாலி கண்டார். 'சில்பி' என்று பெயரிட்டு அந்த வழியிலேயே போகச் சொன்னார். தஞ்சாவூர்க் கோபாலனை 1941-ம் வருஷத் தீபாவளி மலருக்காகத் திருவையாற்றுக்கு அனுப்பினார். தியாகராஜ ஸ்வாமிகள் பூஜித்த ராமரைச் சித்திரமாக எழுதி வந்த அவருக்குக் 'கோபுலு' என்று பெயர் வைத்தார். பிற்பாடு வாசகமே இல்லாத படங்களால் கோபுலு தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார். இருவரில் ஒருவரையும் மாலி இரண்டாவது மாலியாக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கோபுலுவுக்கு முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியது. அவர் இடது கையால் போடப் பழகி, மீண்டும் படம் போட்டார். பாணி என்பது விரலில் மட்டும் இருந்தால் அது நடந்திருக்குமா? பார்க்கிற கண்ணிலும், எதை விடுவது எதை வைப்பது என்று தீர்மானிக்கிற மனத்திலும் அல்லவா அது குடியிருக்கிறது!

ஆகையால் பையனிடம், "காப்பியடிப்பது பாவமில்லை, அதிலேயே தங்கிவிடுவதுதான் பிசகு" என்றேன். ஒரு பயிற்சியும் சொன்னேன். பிடித்த படம் ஒன்றைப் பார்த்து மூன்று தடவை போடவேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து நான்காவது தடவை போடவேண்டும். ரப்பர் கூடாது, பேனாதான். இப்படிப் பல நாள் செய்தால், ஒவ்வொரு முறையும் கை ஒரே விதமாக மூலத்தை விட்டு விலகுவது தெரியும். சிலருக்கு மூக்கு நீளும். சிலருக்குக் கழுத்துச் சாயும். அங்கேதான் சொந்தக் கோடு ஒளிந்திருக்கிறது. ஆனால் எல்லாக் கோணலும் பாணியாகிவிடாது. பூக் கட்டுகிறவள் விரலில் நார் இல்லாவிட்டால், அது சரியாகப் பார்க்காத குற்றம். நாரைப் பிடித்த விரல் சற்று நீண்டுவிட்டால் அது பாணி. இதை அறிய ஒரே வழி, அந்த அம்மாளைத் தினமும் போய்ப் பார்த்துப் போடுவதுதான்.

ஒரு மாதம் போட்டான். முதல் வாரத்தில் மடிசார் போயிற்று. இரண்டாவது வாரத்தில் மாமியும் போய்விட்டாள். கடைசிப் படத்தில் ஏழெட்டுக் கோடுகள்தான். தலை இடப்பக்கம் சாய்ந்து, பல்லால் நாரைக் கடித்து அறுக்கிற பூக்காரி! அவளிடமே காட்டினானாம். "என் மூக்கு இத்தனை நீளமா, தம்பி?" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பூக்கூடைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டாளாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மலை இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது! 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அடிக்கு அடி மலை வேறு உருவம் கொள்வதைப் பார்த்துமிருக்கிறேன். ஆனாலும் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பழைய நோட்டை வாங்கி, நான் எழுதியிருந்ததை அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.