எண்ணெயும் ஓர் அமானிதம்

 

பிழைப்பு நாடிக் கடல் கடந்து சென்ற பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். அவர்கள் மாதந்தோறும் அனுப்பும் தொகை எவ்வளவு என்பது வீட்டார் அனைவருக்கும் தெரியும். அத்தொகை எந்த வேலையில், எத்தகைய சோதனைகளுக்கு நடுவே ஈட்டப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. சென்ற மாதம் எனக்கு வந்த ஒரு மடல் இதனை எண்ணிப் பார்க்கச் செய்தது.

எழுதியவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர். அமீரகத்தில், மணற்குன்றுகளைக் காண உல்லாசப் பயணிகள் வந்து கூடும் ஓரிடத்தில் அவருக்கு வேலை. பருத்த நான்கு சக்கரங்களும் மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடியும் இருக்கையும் கொண்ட ‘குவாட் பைக்’ எனும் வண்டிகளை அங்கே மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஏ.டி.வி. என்பதும் அதுவே. அத்தகைய 22 வண்டிகளைப் பராமரிப்பது அவருடைய பொறுப்பு. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் ஏடு உண்டு. என்ஜின் ஆயில் மாற்றிய நாளையும் அப்போது மீட்டர் காட்டிய மணியையும் அதில் குறிக்க வேண்டும்.

அவர் எழுதுகிறார்: “ஹஜ்ரத், கூட்டம் மிகுந்த நாட்களில் சில வண்டிகளுக்கு ஆயில் மாற்றாமலே மாற்றியதாக எழுதிவிட்டேன். எவரும் கேட்கவில்லை. வண்டிகளும் ஓடத்தான் செய்கின்றன. ஆயில் கறுத்தால் மாற்று என்கிறார் ஒருவர். கறுப்பதெல்லாம் கெட்டதன்று என்கிறார் மற்றொருவர். நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு? இனி எதைக் கொண்டு நான் முடிவு செய்வது?”

இரண்டு வினாக்கள். இரண்டாவதற்கு விடை கண்டால்தான் முதலாவதன் கனம் விளங்கும். நானோ கலைப் பட்டம் பெற்றவன். இயந்திரம் படித்தவன் அல்லன். ஆதலின் அவர் படமெடுத்து அனுப்பிய கையேட்டுப் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தேன். நம் ஊரில் பட்டறை நடத்தும் நண்பரிடம் இரண்டு மாலைகள் அமர்ந்து கேட்டேன். அறிந்தவற்றை இங்கே தருகிறேன். வீட்டில் ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும்.

என்ஜினுக்குள் எண்ணெய் செய்யும் பணி வழவழப்பூட்டுவது மட்டுமன்று. வெப்பத்தை ஏந்திச் செல்கிறது, புகைக்கரியையும் தூசியையும் தன்னுள் தாங்கிக் கழுவுகிறது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியை மூடுகிறது, துருவைத் தடுக்கிறது. இவ்வளவும் செய்து செய்து அது களைக்கிறது. வெப்பத்தால் அதன் தன்மை மாறுகிறது. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் கலக்கின்றன. அழுக்கைத் தாங்கும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையை அறிய முதல் வழி கையேடு. புதிய வண்டிக்கு முதல் மாற்றம் விரைவிலேயே வந்துவிடும். பல கையேடுகள் 20 அல்லது 25 மணி நேர ஓட்டத்தில் அதனைச் செய்யச் சொல்கின்றன. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கும்போது உதிரும் உலோகத் துகள்களை வெளியேற்றவே இந்த அவசரம். அதன் பின்னர் 100 மணி நேரத்திற்கு ஒரு முறை என்பது பரவலான கணக்கு. அத்துடன் ஒரு தூரமும், சில மாதங்கள் என ஒரு காலமும் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவே தவணை. இவை வண்டிக்கு வண்டி மாறுபடும் என்பதால், தம் வண்டியின் கையேட்டையே ஒருவர் பின்பற்ற வேண்டும்.

மூன்று அளவுகள் எதற்கு என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். வாடகை வண்டி நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் 100 மணி நேரம் 17-ஆம் நாளிலேயே நிறைந்துவிடும். வாரம் ஒரு நாள் மட்டும் 2 மணி நேரம் ஓட்டுபவருக்கு அதே 100 மணி நேரம் நிறைய 50 வாரங்களாகும். அவருக்கு ஆறு மாதம் என்னும் தவணையே முந்திக்கொள்ளும். நிற்கும் வண்டியிலும் எண்ணெய் ஈரத்தை ஏற்றுக் கெடுகிறது அல்லவா? தூரத்தை மட்டும் நம்பினாலும் ஏமாற்றமே. பயணிக்காகக் காத்து நிற்கும் வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கிலோமீட்டர் கூடாது. ஆகவே இத்தகைய வண்டிகளுக்கு மணிக் கணக்கே தக்க அளவுகோல்.

இரண்டாவது, வண்டி படும் பாடு. நுண்மணலிலும் புழுதியிலும் ஓடுவது, நீரிலும் சேற்றிலும் இறங்குவது, குறைந்த வேகத்தில் பாரம் இழுப்பது, என்ஜின் முழுமையாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடும் குறும்பயணங்கள் ஆகிய அனைத்தையும் கையேடுகள் ‘கடும் பயன்பாடு’ என வகுத்து, தவணையைச் சுருக்கச் சொல்கின்றன. மணற்குன்றில் ஓடும் வாடகை வண்டி இதில் சேரும் என்பதில் ஐயமில்லை. 100 மணி நேரத்தை 50 ஆக்கினால் ஒன்பதாம் நாளிலேயே மாற்றும் முறை வந்துவிடும். கூடவே ஏர் ஃபில்டரையும் கவனிக்க வேண்டும். அது கிழிந்திருந்தாலோ சரியாகப் பொருந்தாதிருந்தாலோ மணல் உள்ளே புகுந்து எண்ணெயோடு கலந்து, உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும். எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் அந்த வாசலை அடைக்காமல் பயனில்லை.

மூன்றாவது, எண்ணெயே காட்டும் அடையாளங்கள். கறுப்பு நிறம் மட்டுமே தீர்ப்பாகாது. அழுக்கை ஏந்திக்கொள்ளும் நல்ல எண்ணெய் விரைவில் கறுப்பது இயல்பு. ஆனால் பாலைப் போலவோ, பால் கலந்த தேநீரைப் போலவோ வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் வாடை வீசி, எண்ணெயின் அளவும் கூடியிருந்தால் எரிபொருள் இறங்கியிருக்கிறது. விரலில் தேய்த்தால் மணல் போல நெருடினால் தூசி புகுந்திருக்கிறது. வடிக்கும் திருகின் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம். மின்னும் சில்லுகள் இருப்பின் அது எச்சரிக்கை. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தவணைக்குக் காத்திராமல் எண்ணெயை மாற்றி, காரணத்தையும் தேட வேண்டும். தொழுகைக்கு நேரம் குறிக்கப்பட்டுள்ளது. ஒளு முறிவதற்கு நேரம் குறிக்கப்படவில்லை. முறிந்தபோது புதுப்பிப்பதே முறை.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, எண்ணெய் கீழிறங்கச் சில நிமிடங்கள் விட்டுப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் அளவுக் கம்பியைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் முழுவதும் திருகிய பின்னரே பார்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு பொய்யாகும். எண்ணெய் குறைவது போலவே மிகுவதும் தீங்கு. எண்ணெயின் வகையிலும் கவனம் தேவை. கியரும் கிளட்சும் என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து இயங்கும் வண்டிகளுக்கு ‘ஜாசோ எம்.ஏ.’ எனக் குறித்த எண்ணெயே ஏற்றது. உராய்வைக் குறைக்கும் சரக்குச் சேர்ந்த சில கார் எண்ணெய்களை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

என்ஜின் ஆயிலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 4’ என்னும் வகை, புதியதாயின் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. குன்றின் சரிவில் பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கும்போது வெப்பம் ஏறி உள்ளே ஆவிக்குமிழ்கள் தோன்றினால், பிடி இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை மாற்றச் சொல்வது இதனால்தான். இவ்வண்டிகள் எளிதில் கவிழக்கூடியவை என்பதையும் மறக்கலாகாது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகம் செய்த மூன்று சக்கர வண்டியும் அதன் வழிவந்தவையும் விபத்துகளுக்குப் பேர் பெற்றன. 1988-இல் தயாரிப்பாளர்கள் அந்நாட்டு அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டால் அவற்றின் புதிய விற்பனை அங்கே நின்றது. நான்கு சக்கரம் வந்த பின்னரும் ஆபத்து முற்றிலும் அகன்றுவிடவில்லை.

ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் கூலண்ட் மட்டத்தைப் பார்த்து, கையேடு சொல்லும் ஆண்டில் மாற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது பெருந்தவறு. சக்கரங்களுக்கு விசை கடத்தும் கியர் பெட்டியின் எண்ணெயையும் பார்க்க வேண்டும். சூடான அந்தப் பெட்டி நீரில் மூழ்கினால் சட்டெனக் குளிர்ந்து, காற்றுக் குழாய் வழியாக நீரை உள்ளிழுக்கக்கூடும்.

வடித்தெடுத்த எண்ணெயை மணலில் ஊற்றிவிடுவது எளிது. அது ஹலாலான எளிமையன்று. ஒரு முறை மாற்றிய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் ஒப்படைப்பதே முறை.

இனி அம்மாணவரின் முதல் வினாவுக்கு வருவோம். ஒரு வண்டிக்கு 318-ஆம் மணியில் அவர் உண்மையாகவே ஆயில் மாற்றினார். 370-ஆம் மணியில் மாற்றாமல், மாற்றியதாக எழுதினார். அடுத்து வரும் ஊழியர் ஏட்டை நம்பி 420 வரை பொறுத்திருப்பார். ஏட்டின் கணக்கில் அந்த எண்ணெய் 50 மணி நேரம் உழைத்தது. உண்மையில் 102 மணி நேரம் உழைத்தது. எழுதாமல் விட்டிருந்தால் பார்ப்பவருக்கு ஐயமாவது எழுந்திருக்கும். பொய்யான பதிவு அந்த ஐயத்தையும் கொன்றுவிட்டது. ஆயில் மாற்றாதது சோர்வு; மாற்றியதாக எழுதியது பொய்ச் சாட்சி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எந்த வண்டிக்கு மாற்றினோம், எதற்கு மாற்றவில்லை என்பது நினைவில்லையே என்றும் அவர் வருந்தியிருந்தார். இதற்கு நாம் மத்ரஸாவில் ஓதிய சட்ட விதியே வழிகாட்டும். உறுதியானது சந்தேகத்தால் நீங்குவதில்லை. ஒளு செய்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் எனில் ஒளு நிலைக்கிறது. ஒளு முறிந்தது உறுதி, மீண்டும் செய்தோமா என்பது சந்தேகம் எனில் ஒளு இல்லை. இங்கும் அவ்வாறே. வண்டி ஓடியது உறுதி. எண்ணெய் மாற்றியது சந்தேகம். எனவே மாற்றவில்லை என்றே கொள்க. சந்தேகமுள்ள வண்டிகள் அனைத்துக்கும் புதிதாக மாற்றுக.

அவருக்கு நான் எழுதிய மறுமொழி சுருக்கமானது. “தம்பி, தவ்பா செய்யுங்கள். ஆனால் இதில் அடியானின் உரிமையும் கலந்துள்ளது. முதலாளியிடம் சொல்லாமல் இது நிறைவுறாது. வண்டி அவருடைய உடைமை; அதில் ஏறுவது பிறருடைய பிள்ளைகள். இரண்டும் உங்கள் கையில் அமானிதம். கூலி குறைந்தால் குறையட்டும்.”

வேலை போய்விடுமோ என்று அவருடைய தாயார் அஞ்சியதை நான் அறிவேன். தங்கை திருமணம் நெருங்குகிறது. இவ்வளவும் தெரிந்தே அவ்வாறு எழுதினேன். எழுதிய பின் எனக்கும் இரவு உறக்கம் வரவில்லை.

பத்து நாட்களில் பதில் வந்தது. முதலாளி கடுமையாகக் கோபித்தாராம். எண்ணெயின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாராம், வேலையிலிருந்து நீக்கவில்லை. இரண்டு இரவுகள் இஷாவுக்குப் பின் அமர்ந்து ஒன்பது வண்டிகளுக்கு மாற்றினார் அம்மாணவர். ஐந்தாவது வண்டியில் எண்ணெய் அளவுக் கம்பியின் நுனியைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருந்தார். அன்று மாலை வரை அந்த வண்டி வாடகைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

வாசக அன்பர்களே! நம்மில் பெரும்பாலோர் மணற்குன்றில் வண்டி ஓட்டப் போவதில்லை. எனினும் நம் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஏடு இருக்கிறது. கடையின் கணக்காக இருக்கலாம். பள்ளியின் வருகைப் பதிவாக இருக்கலாம். மருந்து கொடுத்த நேரம் குறித்த தாளாக இருக்கலாம். செய்ததைச் செய்ததாகவும் செய்யாததைச் செய்யாததாகவும் அதில் எழுதுவோம். இன்று வீட்டிலுள்ள வண்டியின் எண்ணெயையும் ஒரு முறை பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது நினைவுக்கு வரவில்லையெனில் விடை உங்களுக்குத் தெரியும்.

வஸ்ஸலாம்.